எறிந்ததை எடுத்து வீடு கட்டியவர்



பள்ளிக்கூடத்தில் கைவேலை வகுப்பில் நீங்கள் எல்லாரும் ஒட்டுப்படம் செய்திருப்பீர்கள். பழைய காலண்டர் தாள், கல்யாணப் பத்திரிகை, மிட்டாய்க் காகிதம், தீப்பெட்டிப் படம் என்று கையில் கிடைத்ததைக் கத்தரித்து, பசை தடவி அட்டையில் ஒட்டினால் ஒரு மயிலோ மரமோ வந்துவிடும். கையெல்லாம் பசை, சட்டையெல்லாம் பசை. அம்மாவிடம் திட்டும் கிடைத்திருக்கும்!

இந்தக் கலைக்குக் 'கொலாஜ்' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் 'ஒட்டுதல்' என்று பொருள். இதையே தன் வாழ்க்கையாக்கிக்கொண்ட ஒருவர் ஜெர்மனியில் இருந்தார். அவர் நாட்டை இழந்தார், வீட்டை இழந்தார், மனைவியையும் இழந்தார். ஆனால் போன இடமெல்லாம், பிறர் வீசி எறிந்த பொருள்களைப் பொறுக்கி மறுபடி மறுபடி தனக்கு ஒரு வீடு கட்டிக்கொண்டார். அவர் பெயர் குர்ட் ஷ்விட்டர்ஸ். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

மிதிபட்ட தோட்டம்

ஜெர்மனியில் ஹனோவர் என்று ஒரு நகரம். அங்கே 1887ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் தேதி குர்ட் பிறந்தான். அப்பா எட்வார்ட், அம்மா ஹென்ரியெட்டா. இருவரும் பெண்களுக்கான துணிக்கடை வைத்திருந்தார்கள். பிறகு கடையை விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் வீடுகள் வாங்கி வாடகைக்கு விட்டார்கள். குர்ட் அவர்களுக்கு ஒரே பிள்ளை.

நகரத்துக்குப் பக்கத்தில் ஈசர்ன்ஹாகன் என்ற கிராமம் இருந்தது. அங்கே குர்ட் தன் கையாலேயே ஒரு சின்னத் தோட்டம் போட்டான். ரோஜாச் செடி, ஸ்ட்ராபெரி, மண்ணைக் குவித்து ஒரு குட்டி மலை, பள்ளம் தோண்டி ஒரு குட்டிக் குளம். அவனுக்கு அதுதான் உலகம்.

1901ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு நாள், அந்த ஊர்ப் பையன்கள் அவன் கண் முன்னாலேயே தோட்டத்தை மிதித்து நாசம் செய்துவிட்டார்கள். அப்போது அவனுக்கு வயது பதினான்கு. அந்த அதிர்ச்சியில்தான் தனக்கு நோய் கண்டது என்று பின்னாளில் அவரே எழுதி வைத்திருக்கிறார். கை கால் வெட்டி இழுக்கும் வலிப்பு நோய் அவரை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

நோயோடு கழிந்த நாள்களில்தான் அவன் மனம் படம் வரைவதிலும் கவிதை எழுதுவதிலும் திரும்பியது. ஹனோவரில் கைவினைக் கலைப் பள்ளியில் படித்தான். 1909 முதல் 1915 வரை டிரெஸ்டன் நகரின் ஓவியக் கல்லூரியில் பயின்றான். மனிதர்களையும் மலைகளையும் உள்ளபடியே வரையும் முறையான ஓவியக் கல்வி அது. பிற்காலத்தில் அந்தப் படிப்புதான் அவருக்குச் சோறு போட்டது. எப்படி என்று போகப் போகத் தெரியும்.

மெர்ஸ் பிறந்தது

1915இல் குர்டுக்கும் ஹெல்மாவுக்கும் திருமணம் நடந்தது. அடுத்த ஆண்டு பிறந்த முதல் குழந்தை சில நாள்களிலேயே இறந்துபோனது. 1918இல் எர்ன்ஸ்ட் என்ற மகன் பிறந்தான்.

அது முதல் உலகப் போர்க் காலம். குர்டும் படைக்கு அழைக்கப்பட்டார். உடல்நிலை சரியில்லாததால் சில மாதங்களில் விடுவித்துவிட்டார்கள். போர் முடியும்வரை ஓர் இரும்புத் தொழிற்சாலையில் இயந்திரப் படம் வரையும் வேலை பார்த்தார்.

1918 நவம்பரில் போர் முடிந்தது. ஜெர்மனி தோற்றுப்போனது. எங்கே பார்த்தாலும் வறுமை. எல்லாம் உடைந்து கிடக்கிறது, இனிமேல் புதிதாக எதைச் செய்வதானாலும் இந்த உடைந்த துண்டுகளை வைத்துத்தான் செய்ய வேண்டும் என்று குர்ட் நினைத்தார்.

தெருவில் நடக்கும்போது கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். டிராம் டிக்கெட், கடித உறை, கிழிந்த துணி, கம்பி, பொத்தான், மரத்துண்டு, பழைய செய்தித்தாள் எதையும் விடமாட்டார்!

வீட்டுக்கு வந்ததும் மாவும் தண்ணீரும் கலந்து பசை செய்வார். நம் வீட்டில் பட்டம் ஒட்டவும் நோட்டுக்கு அட்டை போடவும் காய்ச்சுவோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரிதான்! தாளின் மேல் அந்தப் பசையைத் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே துண்டுகளை இங்கும் அங்கும் நகர்த்திப் பார்ப்பார். ஒரு சிவப்புத் துண்டுக்குப் பக்கத்தில் எந்த நிறம் பொருந்தும், ஒரு சதுரத்துக்குப் பக்கத்தில் வட்டம் வந்தால் எப்படி இருக்கும் என்று பொறுமையாகப் பார்த்துப் பார்த்து வைப்பார். சரியாக அமைந்த பிறகு ஈரத்துணியால் மிச்சப் பசையைத் துடைத்துவிடுவார்.

1919இல் செய்த ஒரு படத்தில், ஒரு வங்கியின் விளம்பரத்தைக் கத்தரித்து ஒட்டினார். அந்த வங்கியின் பெயரில் வணிகம் என்று பொருள்படும் 'கொமெர்ஸ்' என்ற சொல் இருந்தது. கத்தரித்ததில் 'மெர்ஸ்' மட்டும் மிஞ்சியது. அதற்கு எந்தப் பொருளும் கிடையாது. குர்டுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அன்று முதல் தன் படங்கள், கவிதைகள், பின்னாளில் நடத்திய பத்திரிகை எல்லாவற்றுக்கும் 'மெர்ஸ்' என்றே பெயர் வைத்தார். அவருடைய கலைக்குப் பெயரும்கூட ஒரு கிழிந்த துண்டிலிருந்துதான் கிடைத்தது!

வீட்டுக்குள் ஒரு வீடு

ஹனோவரில் வால்ட்ஹவுசன் தெரு, 5ஆம் எண் வீடு. பெற்றோருக்குச் சொந்தமான அந்த வீட்டில்தான் குர்டின் குடும்பமும் வசித்தது. 1923ஆம் ஆண்டு வாக்கில் அங்கே ஒரு விசித்திரம் தொடங்கியது.

அட்டையில் ஒட்டியது போதாதென்று, குர்ட் அறைக்குள்ளேயே ஒட்ட ஆரம்பித்தார். மரப்பலகை, சுண்ணச்சாந்து, கிடைத்த பொருள்கள் எல்லாவற்றையும் சேர்த்துத் தூண் எழுப்பினார். தூணிலிருந்து கிளை கிளம்பிச் சுவருக்குப் போனது. சுவரிலிருந்து கூரைக்கு ஏறியது. அறை முழுவதும் வெள்ளை வெளேரென்று ஒரு குகை போல மாறியது. அப்புறம் பக்கத்து அறை, பால்கனி, பால்கனிக்குக் கீழே உள்ள இடம், மாடி அறை என்று ஒரு செடி படர்வதைப் போலப் படர்ந்துகொண்டே போனது! இதற்கு 'மெர்ஸ்பாவ்' என்று பெயர். ஜெர்மன் மொழியில் 'பாவ்' என்றால் கட்டுமானம்.

அதற்குள் குட்டிக் குட்டிப் பொந்துகள் இருந்தன. ஒவ்வொரு பொந்தும் ஒரு நண்பருக்கு. அந்த நண்பரின் பென்சில், ஷூ லேஸ் துண்டு, தலைமயிர்க் கற்றை, உடைந்த பேனா இப்படி ஏதாவது ஒன்றை அதற்குள் வைத்துப் பாதுகாத்தார். கேட்டு வாங்குவதும் உண்டு, கேட்காமல் எடுத்துக்கொள்வதும் உண்டு! ஹான்ஸ் ரிக்டர் என்ற கலைஞர் தன் நினைவுகளில் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்.

வெளிநாட்டிலிருந்து ஓவியர்களும் கட்டடக் கலைஞர்களும் இதைப் பார்க்க வந்தார்கள். ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகள் அவர் இதைக் கட்டிக்கொண்டே இருந்தார்.

விட்டுப் பிரிந்த நாள்

1933இல் ஹிட்லரும் அவருடைய நாஜிக் கட்சியும் ஆட்சிக்கு வந்தார்கள். யூதர்களையும் தங்களை எதிர்ப்பவர்களையும் கொடுமைப்படுத்தினார்கள். கலை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். குர்டின் படங்கள் அருங்காட்சியகங்களிலிருந்து அகற்றப்பட்டன. 1936இல் அவருடைய நெருங்கிய நண்பர்கள் சிலர் கைதானார்கள். ரகசியப் போலீசாரின் பார்வை அவர் மீதும் விழுந்தது.

முதலில் மகன் எர்ன்ஸ்ட் நார்வே நாட்டுக்குக் கிளம்பினான். சில நாள்களில், 1937 ஜனவரி 2ஆம் தேதி, குர்டும் புறப்பட்டார். அப்போது அவருக்கு நாற்பத்தொன்பது வயது. பதினான்கு ஆண்டு உழைப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போக முடியுமா? சுவரோடு சேர்ந்த கலை அல்லவா! அப்படியே விட்டுவிட்டுப் போனார். மறுபடி அந்த வாசற்படியை அவர் மிதிக்கவே இல்லை.

வாடகை வீடுகளைக் கவனித்துக்கொள்ள ஹெல்மா ஹனோவரிலேயே தங்கினார். ஆண்டுதோறும் நார்வேக்குப் போய்க் கணவரையும் மகனையும் பார்த்துவிட்டு வருவார்.

அதே 1937ஆம் ஆண்டு ஜூலையில் மியூனிக் நகரில் நாஜிக்கள் ஒரு கண்காட்சி வைத்தார்கள். தங்களுக்குப் பிடிக்காத கலையைச் 'சீரழிந்த கலை' என்று சொல்லி, மக்கள் பார்த்துச் சிரிப்பதற்காக நடத்திய கண்காட்சி! 'மெர்ஸ்' என்ற பெயரைத் தந்ததே ஒரு படம், அந்தப் படமும் அங்கே மாட்டப்பட்டிருந்தது. பிறகு அது என்ன ஆனது என்றே தெரியவில்லை.

இரண்டாவது வீடு

நார்வேயின் தலைநகரான ஆஸ்லோவுக்குப் பக்கத்தில் லைசாகர் என்ற இடம். அங்கே வீட்டுத் தோட்டத்தில் குர்ட் இரண்டாவது மெர்ஸ்பாவைத் தொடங்கினார். ஹியார்ட்டோயா என்ற சின்னத் தீவில் ஒரு கற்குடிசை இருந்தது. கோடைக்காலங்களில் அங்கே தங்குவார். அதன் உட்சுவர்களிலும் செய்தித்தாள் துண்டுகளையும் படங்களையும் ஒட்டி அதையும் தன் வீடாக்கிக்கொண்டார்.

வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்தார்? டிரெஸ்டனில் படித்த படிப்பு கைகொடுத்தது. நார்வேயின் மலைகளையும் கடலையும் உள்ளபடியே வரைந்து சுற்றுலா வந்தவர்களிடம் விற்றார்.

ஒட்டுப்படமும் நிற்கவில்லை. இந்தக் காலத்தில் செய்த ஒரு படம் இப்போது லண்டனிலுள்ள டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதில் சுங்கத்துறையினர் ஒட்டும் சீட்டுகள் இருக்கின்றன. எல்லையைத் தாண்டி வரும் பார்சலைச் சோதனைக்காகப் பிரித்தால், பிரித்தோம் என்று காட்ட ஒட்டுகிற சீட்டு அது. வேறு யாராவது என்றால் கிழித்துக் குப்பையில் போட்டிருப்பார்கள். சொந்த ஊருக்குப் போக முடியாத ஒருவருக்கு, ஊரிலிருந்து வந்த அந்தச் சீட்டு குப்பையாகத் தெரியுமா?

1939இல் ஹெல்மா வந்துவிட்டுத் திரும்பினார். அந்த ஆண்டு செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்டது. கணவனும் மனைவியும் அதன் பிறகு சந்திக்கவே இல்லை.

கஞ்சியில் சிற்பம்

1940 ஏப்ரல் 9ஆம் தேதி ஜெர்மன் படை நார்வேக்குள் புகுந்தது. குர்ட், மகன், மருமகள் மூவரும் வடக்கு நோக்கி ஓடினார்கள். ஊர் ஊராக, தீவு தீவாக அலைந்தார்கள். ஜூன் மாதம் ஒரு பனி உடைக்கும் கப்பலில் ஏறி ஸ்காட்லாந்தில் போய் இறங்கினார்கள். இரண்டாவது வீடும் கைவிட்டுப் போயிற்று.

பிரிட்டனில் இறங்கியதும் நிம்மதி கிடைத்ததா? இல்லை. பிரிட்டன் அப்போது ஜெர்மனியோடு போரிட்டுக்கொண்டிருந்தது. ஜெர்மனியில் பிறந்தவர் என்றால் எதிரி நாட்டவர்! ஹிட்லருக்குப் பயந்து ஓடி வந்தவர்களையும் சேர்த்தே அடைத்துவைத்தார்கள். பிறந்த நாடு துரத்தியது. அடைக்கலம் தேடி வந்த நாடு முள்வேலிக்குள் வைத்தது.

மான் தீவில் உள்ள ஹட்சின்சன் முகாமில் குர்ட் ஓராண்டுக்கு மேல் இருந்தார். அங்கே அவரைப் போலவே பல ஓவியர்களும் பேராசிரியர்களும் இசைக் கலைஞர்களும் அடைபட்டிருந்தார்கள். வரைவதற்குத் துணி இல்லை. குர்ட் தரையில் விரித்திருந்த லினோலியத்தைப் பெயர்த்தெடுத்து அதன் மேல் படம் வரைந்தார். தேயிலைப் பெட்டியின் பலகையையும் விட்டுவைக்கவில்லை. உடன் இருந்தவர்களின் முகங்களை வரைந்து கொடுத்துக் கொஞ்சம் சம்பாதித்தார்.

காலையில் சாப்பிட ஓட்ஸ் கஞ்சி கொடுப்பார்கள். பலரும் மிச்சம் வைப்பார்கள். குர்ட் அந்த மிச்சக் கஞ்சியைச் சேகரித்து அதில் சிற்பம் செய்தார்! நாளாக ஆக அதில் பூஞ்சணம் பூத்து, பச்சையும் நீலமுமாக நிறம் மாறியது. நாற்றமோ தாங்க முடியாது. ஆனாலும் அவர் அறைக்குப் போய்ப் பார்க்காதவர்கள் குறைவு. அந்தச் சிற்பங்கள் எதுவும் மிஞ்சவில்லை.

1941 நவம்பரில் விடுதலை கிடைத்தது. லண்டனுக்குப் போனார்.

லண்டனில் வந்த செய்திகள்

லண்டனில் அவரை அறிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பஸ் டிக்கெட், மிட்டாய் உறை, ஆங்கிலச் செய்தித்தாள் துண்டுகள் என்று புது ஊரின் குப்பை அவருடைய படங்களுக்குள் வந்தது. குடியிருந்த வீட்டில் எடித் தாமஸ் என்ற இளம்பெண் அறிமுகமானார். தேநீர் வேண்டுமா, தேநீர் வேண்டுமா என்று அவர் அடிக்கடி கேட்பாராம். அதனால் குர்ட் அவருக்கு 'வான்டீ' என்றே பெயர் வைத்துவிட்டார்! கடைசிவரை குர்டைக் கவனித்துக்கொண்டவர் அவர்தான்.

1943 அக்டோபரில் ஹனோவர் நகரின் மீது பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு மழை பொழிந்தன. வால்ட்ஹவுசன் தெரு வீடு எரிந்தது. மெர்ஸ்பாவும் அதோடு போயிற்று. அவர் அடைக்கலம் புகுந்த நாட்டின் விமானங்களே அவருடைய வீட்டை அழித்தன. யாரை நோவது?

1944 ஏப்ரலில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அக்டோபரில் ஹெல்மா புற்றுநோயால் இறந்தார். போர் நடந்துகொண்டிருந்ததால் அந்தச் செய்தியே டிசம்பரில்தான் வந்து சேர்ந்தது.

மிச்சம் இருந்த ஒரு சுவர்

1945இல் குர்டும் வான்டீயும் வடமேற்கு இங்கிலாந்தில் ஏரிகள் நிறைந்த மலைப் பகுதியிலுள்ள ஆம்பிள்சைடு என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கேயும் பிழைப்புக்கு மலை, ஏரிப் படங்களும் ஊர்க்காரர்களின் முகங்களும் வரைந்தார். ஊரில் யாருக்கும் அவர் ஐரோப்பாவின் பெரிய கலைஞர் என்று அவ்வளவாகத் தெரியாது.

1947ஆம் ஆண்டு, அவருடைய அறுபதாவது பிறந்தநாளில் ஒரு நல்ல செய்தி வந்தது. அமெரிக்காவில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்கு ஆயிரம் டாலர் உதவித்தொகை அளித்தது. பழைய மெர்ஸ்பாவைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பதுதான் முதல் எண்ணம். ஆனால் ஹனோவர் வீடு சாம்பல். நார்வேக்குப் போக உடம்பு இடம் கொடுக்கவில்லை.

குர்ட் என்ன செய்தார் தெரியுமா? எல்டர்வாட்டர் என்ற பக்கத்துக் கிராமத்தில் ஒருவருடைய நிலத்தில் இருந்த பழைய கல் கொட்டகையை எடுத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்!

மண் தரை. கணப்பு வசதி கிடையாது. கண்ணாடிச் சட்டம், ஒரு ரப்பர் பந்து, வேர், மரக்கிளை, கூழாங்கல், பூவாளியின் மூக்கு எனக் கிடைத்தவற்றைச் சுவரில் பதித்து மேலே சாந்து பூசினார். பூவாளி என்றால் தெரியும் அல்லவா? செடிக்குத் தண்ணீர் தெளிப்பது. ஈசர்ன்ஹாகன் தோட்டத்துப் பையனை நினைத்துக்கொண்டு அதைப் பதித்தாரா என்று நாம் கேட்க முடியாது. எனக்கு மட்டும் அதைப் படித்தபோது அந்தப் பையன் நினைவு வந்தது.

உடல் நாளுக்கு நாள் தளர்ந்தது. குளிர்காலம் வந்தது. ஒரே ஒரு சுவர்தான் உருவெடுத்திருந்தது. 1948 ஜனவரி 7ஆம் தேதி, அவருக்குப் பிரிட்டிஷ் குடியுரிமை வழங்கப்படுகிறது என்ற தகவல் வந்தது. பதினோரு ஆண்டு அலைச்சலுக்குப் பிறகு ஒரு நாடு அவரைத் தன் குடிமகன் என்றது. அடுத்த நாள், ஜனவரி 8ஆம் தேதி, கெண்டல் நகர மருத்துவமனையில் அவர் காலமானார்.

அப்புறம் என்ன ஆயிற்று?

நார்வேயில் விட்டுவந்த மெர்ஸ்பாவ் 1951இல் தீப்பிடித்து எரிந்துவிட்டது. சிறுவர்கள் நெருப்போடு விளையாடியதுதான் காரணம் என்கிறார்கள். எல்டர்வாட்டர் சுவரை 1965இல் அப்படியே பெயர்த்தெடுத்து நியூகாசில் நகருக்குக் கொண்டு போனார்கள். இன்றும் அது அங்கே ஹாட்டன் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஹனோவரின் ஷ்ப்ரெங்கல் அருங்காட்சியகத்தில், 1933இல் எடுத்த புகைப்படங்களைப் பார்த்து முதல் மெர்ஸ்பாவின் ஒரு பகுதியை 1980களில் மறுபடி கட்டியிருக்கிறார்கள். ஆம்பிள்சைடில் புதைக்கப்பட்ட குர்டின் உடலும் 1970இல் ஹனோவருக்குத் திரும்பியது. உயிரோடு திரும்ப முடியாத ஊர் அவரை அழைத்துக்கொண்டது.

குழந்தைகளே, நான் ஆசிரியராக இருந்த காலத்தில் பாதி ஆண்டில் வேறு ஊரிலிருந்து வந்து சேரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அப்பாவுக்கு மாற்றல், பிழைப்புத் தேடி வந்த குடும்பம் என்று ஏதாவது காரணம் இருக்கும். முதல் சில நாள் யாரோடும் பேசமாட்டார்கள். ஆனால் பென்சில் பெட்டியைத் திறந்து பார்த்தால் பழைய ஊரின் ஏதாவது ஒன்று உள்ளே இருக்கும். ஒரு பஸ் டிக்கெட், ஒரு புளியங்கொட்டை, பழைய பள்ளித் தோழியின் ரிப்பன் துண்டு! மற்ற பிள்ளைகள் குப்பை என்று சிரிப்பார்கள். நானும்கூட ஆரம்பத்தில் அதையெல்லாம் எறியச் சொல்லியிருக்கிறேன். குர்டின் கதை அப்போது எனக்குத் தெரியாது.

உங்கள் வகுப்பிலும் அப்படி ஒரு பிள்ளை வந்து சேர்ந்தால், பெட்டியில் என்ன வைத்திருக்கிறாய் என்று அன்போடு கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் உட்கார இடம் கொடுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து, அவன் ஊர்த் துண்டு ஒன்று, உங்கள் ஊர்த் துண்டு ஒன்று என்று ஓர் அட்டையில் ஒட்டுப்படம் செய்யுங்கள். பசை மட்டும் சட்டையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!